மூன்று மில்லிமீட்டர்

அவரை எல்லோரும் மழைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர். பன்னிரண்டு வருஷத்தில் கேலி தேய்ந்து, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவருடைய வேலையும் அதுதான். புல்வெளிக்கு நடுவில், கம்பி வேலிக்குள் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் குறித்த நாளில் குறித்த அளவு மழை பெய்ய வைப்பது.

வேலிக்குள் பதினெட்டு சதுரங்கள். ஒவ்வொன்றும் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர். அவற்றில் பன்னிரண்டின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை. வெயில் வரும், வானத்து மழை வராது. அதில் ஆறு சதுரங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு மூன்று மில்லிமீட்டர் மழை. அதாவது சதுரத்துக்கு நாற்பத்தெட்டு லிட்டர், குழாய் முனையில் பூவாளி மூக்கை மாட்டிப் பரவலாகத் தூவ வேண்டும். இன்னொரு ஆறுக்கு நாலு வாரத்துக்கு ஒரே ஒரு தடவை, மொத்தமாகப் பெருமழை. கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் போகிற தண்ணீர் ஒன்றேதான். மிச்சம் ஆறு சதுரங்கள் கூரையில்லாமல் கிடந்தன. அவற்றுக்கு வானம் விட்ட வழி.

"ஒரே தண்ணிதானே மேடம்? பிரிச்சு ஊத்தினா என்ன, மொத்தமா ஊத்தினா என்ன?" என்று முதல் வருஷமே அவர் கேட்டார்.

மேடம் அந்த ஆராய்ச்சியை நடத்திய விஞ்ஞானி. நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து மூன்று நாள் தங்குவார். மண் எடுப்பார், எண்ணுவார், எழுதிக்கொண்டு போவார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழைக்காரரைத் தரையில் குப்புறப் படுக்கச் சொல்லி, கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். புல் கொத்துகளுக்கு இடையில் இருந்த தரை கறுப்பாக, சொரசொரவென்று, பழைய செருப்புத் தோல் மாதிரி இருந்தது. மேடம் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கறுப்பு மெல்லப் பச்சையாக மாறியது.

மழைக்காரர் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். "உயிரா மேடம் இது?"

"பாக்டீரியா. கோடிக்கணக்குல இருக்கு. நூல் நூலா ஓடி மணலைக் கட்டி வச்சிருக்கு. இது இல்லேன்னா இந்தத் தரை ஒரு காத்துக்குத் தாங்காது. புல்லோட வேருக்குச் சத்து போறதும் இதுங்களாலதான்."

"அப்போ தண்ணி இல்லாதப்ப?"

"தூங்கும். மாசக்கணக்கா தூங்கும், ஒண்ணும் ஆகாது. தண்ணி பட்டா முழிச்சுக்கும். முழிக்கிறதுக்கே உடம்புல இருக்கிற சத்துல பாதி போயிடும். அஞ்சாறு மணி நேரம் ஈரம் நின்னா, வெயிலை வச்சு சமைச்சு சாப்பிட்டுத் தெம்பாயிடும். ஆனா மூணு மில்லி மழை ரெண்டு மணி நேரத்துல காஞ்சு போகும். அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள திரும்பப் படுக்கணும். வாரம் ரெண்டு தடவை இப்படி எழுப்பி எழுப்பி விட்டா என்ன ஆகும்?"

"பட்டினி கிடந்து சாகும்."

"சாகுதா, இல்லை பழகிக்குதான்னுதான் பாக்கப் போறோம்."

மழைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. கொல்வதற்காகத் தண்ணீர் ஊற்றுகிற வேலை உலகத்தில் தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மேடம் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "நாம விட்டாலும் வானம் விடாது. இந்தப் பக்கமெல்லாம் மழை அப்படித்தான் மாறிட்டு வருது. சொட்டுச் சொட்டா வரும், இல்லேன்னா வரவே வராது. நாம கொஞ்சம் முன்னாடியே பண்ணிப் பாக்குறோம், அவ்வளவுதான்."

அவர் பண்ணினார். பதினோரு வருஷத்தில் காய்ச்சல் என்று ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்லை. ஊற்றியதும் நோட்டை எடுத்து நாள், நேரம், அளவு எழுதிக் கையெழுத்துப் போடுவார். சதுரங்களுக்குள் ஈரத்தை அளக்கிற கம்பிகள் புதைத்திருந்தார்கள். எட்டாவது வருஷம் எலி அதையெல்லாம் கடித்துக் குதறிப் போட்டது. புதுக் கம்பிக்கு அலுவலகம் பணம் ஒதுக்கவில்லை. "பரவாயில்லை, உங்க நோட்டு இருக்கே. கம்பி பொய் சொல்லும், நீங்க சொல்ல மாட்டீங்க" என்று மேடம் சிரித்தார்.

சின்ன மழைச் சதுரங்கள் செத்துக்கொண்டு வந்தன. ஆரம்பத்தில் இருந்த பாக்டீரியாவை நூறு என்று வைத்துக்கொண்டால் ஆறாவது வருஷம் ஐம்பத்திரண்டு, ஒன்பதாவது வருஷம் முப்பத்தொன்று, பதினோராவது வருஷக் கடைசியில் பத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் எண்ணி முடித்ததும் மேடம் போய் ஜன்னலோரம் நிற்பார். வெளியே வேலிக்கு அப்பால் பார்த்தாலும் அதே கதைதான். அந்த வருஷக் கோடையில் இருபத்தேழு தூறல் விழுந்தது. ஒன்றுகூட நாலு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. கறுப்புத் தோல் உதிர்ந்து, அடியிலிருந்த மண் மாவாகிப் பறக்க ஆரம்பித்தது. முளைத்த புல்லும் மஞ்சள் பாய்ந்து மடிந்தது. அறைக்குள் வைத்த டம்ளரில் தண்ணீரை மூடாமல் விட்டால் அரைமணியில் மேலே ஆடை கட்டினாற்போலத் தூசி.

மழைக்காரரின் தங்கச்சி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருந்தாள். புருஷன் ஆடு மேய்ப்பவர். இந்த வேலைக்கு வந்த மூன்றாவது வருஷம் மழைக்காரரே பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். நல்ல மனுஷன், வாயைத் திறந்தால் நக்கல். "எங்க மச்சான் மழை பெய்ய வைக்கிறவர், ஆனா அவர் மழையில நாங்க ஒரு நாளும் நனைஞ்சது இல்லை" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். நூற்றிருபது ஆடுகள் இருந்தன. பன்னிரண்டாவது வருஷம் பிறந்தபோது அறுபதாகிவிட்டன.

அந்தப் பக்கத்துப் பொதுக்கிணறு வற்றிப்போன வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, தங்கச்சி நடந்து வந்தாள். மழைக்காரர் சதுரத்துக்குத் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தார். அவள் வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நாலாவது சதுரம் முடிந்து ஐந்தாவதுக்கு அவர் போனபிறகு கேட்டாள்.

"அண்ணா, அந்தத் தரைக்கு ரொம்பத் தாகமா?"

அவர் குழாயை மூடவில்லை. அளவு கெட்டுவிடும். "இது என் தண்ணி இல்லம்மா."

"தெரியும். ஊத்துறது உன் கைதானே?"

"போர் தண்ணி வேணும்னா எடுத்துக்கோ. எவ்வளவு வேணாலும்."

"அதை வாயில வச்சுப் பாத்தியா நீ? உப்பு. நேத்து ஊத்திப் பாத்தோம். ரெண்டு ஆடு குடிச்சுது, கழிச்சல் வந்து படுத்துடுச்சு."

நிலையத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத்தான். அதை ஒரு மெஷினில் வடிகட்டி, மழைத்தண்ணீர் மாதிரி உப்பில்லாமல் ஆக்கித்தான் சதுரங்களுக்கு ஊற்றினார்கள். பழைய மெஷின். மூச்சு முட்ட ஓடினாலும் சதுரங்களுக்குத் தேவையானதைத்தான் தரும். மேற்கொண்டு மழைக்காரர் குடிக்க ஒரு குடம்.

அன்று மதியமே மேடத்துக்குப் போன் செய்தார். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது, நேராகவே கேட்டார்.

"எனக்குப் புரியாம இல்லை" என்றார் மேடம். "ஆனா ஒரு மாசம் விட்டாலும் பதினோரு வருஷமும் குப்பைக்குப் போயிடும். நான் அதிகாரிங்ககிட்ட பேசி லாரித் தண்ணிக்கு ஏற்பாடு பண்றேன். இதை மட்டும் கேக்காதீங்க. தயவுசெஞ்சு."

மேடம் பேசினார்தான். லாரி இரண்டு தடவை வந்தது. அப்புறம் வரவில்லை.

லாரி நின்றுபோன பிறகு வந்த செவ்வாய் காலை மழைக்காரர் தங்கச்சி வீட்டுக்குப் போனார். பட்டிக்குப் பின்னால் நாலு ஆடுகள் கிடந்தன. மாப்பிள்ளை குழி தோண்டிக்கொண்டிருந்தார். தரை இறுகிப்போயிருந்ததால் கடப்பாரை இறங்கவில்லை. மழைக்காரரைப் பார்த்து வழக்கம்போல ஏதாவது நக்கலாகச் சொல்வார் என்று பார்த்தால், கடப்பாரையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதைத்தான் மழைக்காரரால் தாங்க முடியவில்லை.

"ஆட்டை ஓட்டிட்டு வாங்க மாப்ளே" என்றார். "மேடம் சரின்னுட்டாங்க."

ஆறு சதுரத்துக்கு இருநூற்று எண்பத்தெட்டு லிட்டர். தொட்டியில் விட்டதும் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி முட்டின. பதினைந்து நிமிஷத்தில் தொட்டி வறண்டு, அடியை நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. எந்தச் சதுரத்துத் தண்ணீரை எடுப்பது என்று அவர் யோசித்துத்தான் வைத்திருந்தார். எப்படியும் சாகப்போகிற சதுரங்கள். சாவதற்கென்றே ஊற்றுகிற தண்ணீர். அதை நிறுத்தினால் யாருக்கு என்ன கெட்டுப்போகும்?

பத்து மணிக்கு நோட்டை எடுத்தார். மூன்று மி.மீ., ஆறு சதுரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து எப்போதும் போலவே விழுந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

இப்படியே ஒன்பது மாதம் ஓடியது. மேடம் வந்து தங்குகிற நாட்களில் மட்டும் முறைப்படி சதுரங்களுக்கு ஊற்றுவார். நடுவில் மனசு கேட்காமல் சில வாரம் ஆடுகளைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சதுரங்களுக்கே ஊற்றினார். அப்புறம் தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் திரும்பவும் ஆட்டுக்கு. தண்ணீர் கிடைத்தது, ஆனால் தின்ன ஒன்றுமில்லை. மாப்பிள்ளை அட்டைப்பெட்டிகளை ஊறவைத்துக் கிழித்துப் போட்டார். ஆடுகள் அதையும் தின்றன. அறுபது நாற்பத்திரண்டாகி, மூன்றாவது முறை மேடம் வந்தபோது முப்பத்தொன்றாகியிருந்தது.

முதல் இரண்டு தடவையும் மேடம் எண்ணிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கியதோடு சரி. பத்தொன்பது, பத்தொன்பது. குறைந்திருக்க வேண்டியது குறையவில்லை. மூன்றாவது தடவை மண் மூச்சுவிடுவதை அளக்கிற பெட்டியைச் சதுரத்தின்மேல் கவிழ்த்து வைத்து, மழைக்காரரைத் தண்ணீர் தூவச் சொன்னார். பெட்டியின் முள் சரசரவென்று ஏறியது. எப்போதும் ஏறுகிற அளவைத் தாண்டி, அதைப்போல இரண்டு மடங்கு.

மறுநாள் காலை ஆய்வு அறையிலிருந்து மேடத்தின் குரல் கேட்டது. "மழைக்காரரே! இங்க வாங்க! ஓடி வாங்க!"

போனார். மேடம் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பத்தொன்பதுதான். இன்னமும் பத்தொன்பது! நியாயமாப் பார்த்தா பதினொண்ணுக்கு வந்திருக்கணும். பழகிக்கிச்சுங்க. இந்தச் சின்ன மழையிலேயே பிழைக்கக் கத்துக்கிச்சுங்க. பன்னெண்டு வருஷமா சாவையே எண்ணிட்டு இருந்தேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் ஊருக்குத் திரும்பிப் போகும்போது பஸ்ல அழுதுக்கிட்டே போவேன். இனிமே சொல்லலாம். இந்த நிலம் செத்துப் போகாதுன்னு நான் எழுதலாம்."

மழைக்காரர் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அப்போது பார்த்து வாசலில் மாப்பிள்ளையின் குரல்.

"மச்சான், இருக்கீங்களா?"

மாப்பிள்ளை விடைபெற்றுப் போகத்தான் வந்திருந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய டவுனில் மீன் பதப்படுத்துகிற கிடங்கில் அவருக்கும் தங்கச்சிக்கும் வேலை இருக்கிறதாம். ஒரு லாரி நாளைக்குக் காலை இந்த வழியாகக் காலியாகத் திரும்புகிறதாம். மிச்சமிருக்கிற ஆடுகளை அதில் ஏற்றிக்கொண்டு போய், போகிற வழியில் புல் உள்ள இடத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போய்விடுவதாக முடிவு. சொல்லும்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்தைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க பண்ணின உதவியை உயிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன் மேடம்."

இரண்டு லாரித் தண்ணீருக்குச் சொல்கிறார் என்று மேடம் நினைத்துக்கொண்டார். "நான் என்ன பண்ணிட்டேன்" என்றவர், சட்டென்று, "போகாதீங்க" என்றார்.

"என்ன மேடம்?"

"இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சது. மண்ணு தேறிட்டு வருது. புது மழைக்குப் பழகிட்டு வருது. இன்னும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா புல்லு திரும்பிடும்னு நான் நம்புறேன். பன்னெண்டு வருஷமா நான் நல்ல வார்த்தை எதுவும் சொன்னதில்லை. நான் சும்மா சொல்வேனா?"

மாப்பிள்ளை மழைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "நிஜமா மச்சான்?"

மழைக்காரர் தலையை அசைத்தாரா இல்லையா என்று அவருக்கே பிற்பாடு நினைவில்லை. மாப்பிள்ளை அங்கேயே நின்று லாரிக்காரருக்குப் போன் போட்டார். "வேண்டாம்ணே, வர வேண்டாம். நாங்க போகலை." பல மாதத்துக்குப் பிறகு சிரித்தார். "மச்சான், உங்க மழை வேலை செஞ்சிருக்கு போலிருக்கே. இதை முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மழைக்காரர் வாசற்படியில் உட்கார்ந்தார். மேடம் உள்ளே யாரிடமோ போனில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. மேடம் சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது எழுந்து உள்ளே போய், நோட்டை எடுத்து மேடத்தின் முன்னால் வைத்தார்.

"இதுல ஒன்பது மாசமா எழுதினது பொய்."

மேடத்துக்குப் புரியவில்லை. புன்னகையோடே நோட்டைப் புரட்டினார். "என்ன பொய்?"

"சின்ன மழைச் சதுரத்துக்கு நான் தண்ணி ஊத்தலை. ஆட்டுக்கு ஊத்தினேன். நீங்க வர்ற நாள்ல மட்டும்தான் சதுரத்துக்கு."

மேடம் நோட்டை மூடினார். திறந்தார். திரும்ப மூடினார்.

"அப்போ அதுங்க பழகலை" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நீங்க எழுப்பலை. அதனால தூங்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"ஆமா மேடம்."

"நேத்து முள் அவ்வளவு ஏறினதும் அதனாலதான். ரொம்ப நாள் காய்ஞ்ச மண்ணுல தண்ணி பட்டா அப்படித்தான் மூச்சு விடும். முதல் வருஷ மாணவனுக்குத் தெரிஞ்ச விஷயம் அது. எனக்குத் தெரியாதா? பார்த்த உடனே உறைச்சிருக்கணும். எனக்கு நல்ல சேதி வேணும்னு இருந்துச்சு. அதான் கண்ணு மறைச்சிடுச்சு." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "இருங்க. தேதி சொல்லுங்க. எந்தெந்த நாள் ஊத்தலைன்னு சரியா தெரிஞ்சா அதையே ஒரு சோதனையா எடுத்துக்கலாம். சின்ன மழையை நிறுத்தினா சாவு நிக்குதுன்னு காட்டலாம். எல்லா செவ்வாயும் எல்லா வெள்ளியும் ஊத்தலை, அப்படித்தானே?"

"நடுவுல மனசு கேக்காம சில வாரம் ஊத்தினேன்."

"எந்த வாரம்?"

"ஞாபகம் இல்லை."

"எத்தனை வாரம்? அதாவது தெரியுமா?"

"அஞ்சா, ஆறா... ஏழுகூட இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் எழுதிவச்சேன் மேடம்."

மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது. மேடம் மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். கன்னம் நோட்டின்மேல் இருந்தது. அப்படியே இருந்தபடி சொன்னார்: "நாளையிலிருந்து அந்தத் தண்ணியை ஆட்டுக்கே ஊத்துங்க. அந்த ஆறு சதுரமும் இனிமே எதுக்கும் ஆகாது." பிறகு, "முதல்ல போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க. நான் சொன்னதை நம்பி உக்காந்திருப்பாங்க" என்றார்.

இரண்டு கிலோமீட்டரை மழைக்காரர் எப்படி நடந்தார் என்று தெரியவில்லை. காற்றில் மண் பறந்து பல்லில் நறநறத்தது. வீட்டில் கட்டி வைத்திருந்த மூட்டைகளைத் தங்கச்சி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரங்களைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டாள். அண்ணனைப் பார்த்ததும், "உக்காரு, டீ போடறேன்" என்று திரும்பினாள்.

"வேண்டாம்மா. மூட்டையைக் கட்டு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மேடம் சம்மதித்தார் என்று சொன்னது பொய், நோட்டு பொய், மண் தேறியது பொய். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஆறு சதுரமும் சாகலைதானே மச்சான்? அது நிஜம்தானே?"

"நிஜம்தான். தண்ணியே படாததால."

"அப்போ என்ன, மழையே வேண்டாம்னு வானத்தைப் பாத்துக் கும்பிடணுமா நாங்க?" மாப்பிள்ளை சிரித்தார். நக்கலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. எழுந்து பட்டிப் பக்கம் போய்விட்டார்.

தங்கச்சி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நான் வந்து கேட்டிருக்கக் கூடாது."

"நீ கேட்டது தப்பில்ல. முடியாதுன்னு சொல்லவும் வாய் வரலை, உண்மையைச் சொல்லவும் வாய் வரலை. என் வாய்தான் கெட்டுது."

"உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா?"

"அனுப்பட்டும்."

லாரிக்காரர் அதற்குள் வேறு சரக்கு ஏற்றிவிட்டார். அடுத்த லாரி வர மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரமும் செவ்வாய், வெள்ளி என்று இல்லாமல் ஆடுகள் வந்து குடித்தன. யாருக்கும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பதினோரு ஆடுகள் போயின. இருபதைத்தான் ஏற்றினார்கள். நிற்கத் தெம்பில்லாத ஆடுகளை மழைக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்க, மாப்பிள்ளை மேலிருந்து வாங்கினார். தூக்கும்போது கனமே இல்லை. மாப்பிள்ளை அவரோடு பேசவில்லை. கோபமில்லை, பேச எதுவும் மிச்சமில்லை என்பது போல இருந்தார். லாரி கிளம்பும்போது மட்டும் குனிந்து, "உடம்பைப் பாத்துக்கோங்க மச்சான்" என்றார். தங்கச்சி எட்டிப் பார்க்கவேயில்லை. முன் சீட்டில் அழுதுகொண்டிருந்தாள் என்று பிறகு போனில் சொன்னாள்.

மேடம் அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினார். மழைக்காரரைக் கைப்பட ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, அதையும் இணைத்தார். அலுவலகத்தில் யாரும் விசாரிக்கவோ கோபப்படவோ இல்லை. முடிவு தெளிவில்லாத ஆராய்ச்சிக்கு மேற்கொண்டு ஒதுக்கீடு இல்லை என்று ஒரு வரி பதில் வந்தது. இரண்டே நாளில் கூரைகளைப் பிரித்தார்கள். கம்பங்களையும் வேலியையும் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். மெஷினைக் கழற்றும்போது மழைக்காரர் உதவிக்கு நின்றார். பிறகு பக்கத்து ஊர் பஸ் நிலையத்தில் வண்டி கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தார்.

எட்டு மாதம் கழித்து மேடம் போன் செய்தார். சொந்த லீவு போட்டுவிட்டு வருகிறாராம். சின்ன மழைச் சதுரங்களில் ஒரே ஒரு தடவை மண் எடுத்துப் பார்க்க வேண்டும். அதெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் தூங்க முடியவில்லை. வர முடியுமா என்று கேட்டார். மழைக்காரர் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

நிலையத்துக் கட்டிடம் மட்டும் நின்றது. ஜன்னல் கண்ணாடிகளைக் காணவில்லை. வாசல் வரைக்கும் மண் ஏறியிருந்தது. சதுரங்களின் மூலைகளில் அடித்திருந்த இரும்பு முளைகள் தரைக்குள் எங்கோ புதைந்துவிட்டன. மேடம் வரைபடத்தை விரித்தார். கட்டிடத்தின் மூலையிலிருந்து அறுபத்திரண்டு மீட்டர். டேப்பைப் பிடித்து அளந்தார்கள். காற்று டேப்பை வில்லாக வளைத்தது. ஒரு தடவை வந்த இடம் இன்னொரு தடவை வரவில்லை. "இங்கதான்" என்றார் மேடம். "இல்லை மேடம், இன்னும் அந்தப் பக்கம்" என்றார் மழைக்காரர். பன்னிரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நடந்த தரை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி சாம்பல் நிற மண்.

இருவரும் முட்டி போட்டுக் கையாலேயே துழாவினார்கள். மதியம்வரை துழாவினார்கள். மேடத்தின் நகம் கிழிந்து ரத்தம் வந்தது. கடைசியில் மழைக்காரர் விரலில் இரும்பு தட்டுப்பட்டது. தோண்டி எடுத்தார். எண் பொறித்த தகடு உடைந்து போயிருந்தது. எழுபத்திரண்டு முளைகளில் அது எதுவாகவும் இருக்கலாம்.

மேடம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முளையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார். "ஆடு செத்துக் கிடந்த அன்னிக்கு. ஒரு போன் போட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மேடம்?"

மேடம் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"ம்."

"அந்த ஆட்டை நேர்ல பாத்திருந்தாக்கூட."

மழைக்காரர் பையிலிருந்து மண் எடுக்கிற குழாயை எடுத்து, முளை கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்திச் சுத்தியலால் அடித்தார். இறுகிய தரையில் முன்பெல்லாம் பத்து அடியாவது தேவைப்படும். இப்போது இரண்டே அடியில் மாவுக்குள் இறங்குவது போல இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது பாதி மண் உதிர்ந்து கொட்டியது. மிச்சத்தை மேடம் கவரில் பிடித்து, பேனாவை எடுத்து, கவரின்மேல் தேதியை எழுதினார். இடம் என்று போட்டுவிட்டு நிறுத்தினார். பிறகு 'தெரியவில்லை' என்று எழுதி, காற்றில் பறக்கிற மண் பட்டு மை அழியாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.